கோடாரியா, தீயா, சும்மா விடுவதா? கரையோரச் சவுக்குத் தோப்புக்கும் அம்பாறைப் புல்காட்டுக்கும் ஓர் ஒப்பீடு

2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் நட்ட சவுக்குகள் வளர்ந்து பெரிய மரங்களாகிவிட்டன. நெருக்கி நட்டவை இன்றும் நெருக்கமாகவே நிற்கின்றன. தூரத்தில் இருந்து பார்த்தால் நல்ல பச்சை. உள்ளே போனால் தரையில் ஒன்றும் இல்லை, காய்ந்த செத்தை மட்டும்தான்.

இந்தத் தோப்புகளை இனி என்ன செய்வது என்று பேச்சு வந்தால் மூன்று கருத்துகள் எழும். இருக்கிறதை இருக்க விடுங்கோ என்பது ஒன்று. இடையிடையே வெட்டி ஐதாக்கினால் வெளிச்சம் விழும், விறகும் கிடைக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவது, இளைய பிள்ளைகள் சொல்வது. அமெரிக்கப் பைனஸ் காடுகளுக்கு வன அதிகாரிகளே தீ வைக்கும் வீடியோவைக் காட்டி, "அண்ணன், அங்க எரிச்ச பிறகு கீழ எவ்வளவு பச்சை பாருங்க. நாமளும் செத்தைய எரிச்சா என்ன?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. அந்த வீடியோவில் காட்டுவது உண்மையும்கூட. ஆகவே "தீ கூடாது" என்று ஒரு வரியில் வாயடைக்காமல், அங்கே ஏன் அது பலிக்கிறது, இங்கே பலிக்குமா என்று பார்ப்பதுதான் சரி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையோரச் சவுக்குக்குத் தீ வேண்டாம். அளவாக ஐதாக்கி, செத்தையைப் பகுதி பகுதியாக வாரி, கீழே தாழையும் புன்னையும் வைக்க வேண்டும். ஆனால் இதே பதிலை அம்பாறையின் உட்பகுதிப் புல்காட்டுக்குக் கொண்டுபோனால் அது பிழையாகிவிடும். அங்கே தீக்கு ஓர் இடம் உண்டு.

மரம் நின்றால் போதாதா?

மரத்தடியில் செடி வளர்ந்தால் என்ன, வளராவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தோப்புகளை நட்டதே அலையையும் காற்றையும் தடுக்கத்தான் என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்து நோரியோ தனக்காவும் பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் இலங்கையின் தெற்குக் கரையிலும் தாய்லாந்திலும் கரையோரத் தாவரங்களை ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2007 இல் வெளிவந்தன. முதிர்ந்த சவுக்குகள் அலைக்கு விழாமல் நின்றன. ஆனால் பின்னால் இருந்தவற்றை அவை பெரிதாகக் காப்பாற்றவில்லை. அடிமரம் மொட்டையாக இருப்பதால் தண்ணீர் தண்டுகளுக்கு இடையால் உள்ளே போய்விட்டது. அலையின் வேகத்தைக் குறைப்பதில் தாழை கெட்டியாக வேலை செய்தது. அதன் தாங்குவேர்கள் தரைமட்டத்திலேயே பின்னிக் கிடப்பவை. மேலே சவுக்கு, கீழே தாழை என்ற இரண்டடுக்கு அமைப்பு முக்கியம் என்று அந்த ஆய்வு சொன்னது.

அதாவது, அடித்தரை வெறுமையாகக் கிடக்கும் சவுக்குத் தோப்பு தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது. மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் வெயிலில் வாழ்பவை. சவுக்கு நிழல் அவற்றின் மேல் விழுந்துவிட்டால் பின்வாங்கும். தோப்பின் ஓரத்தில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அடம்பன் கொடி நிழல் விளிம்பு வரை ஓடி வந்து, அங்கே இலை சிறுத்து, அப்படியே நின்றுவிடும்.

ஆகவே தெரிவுகளை மரத்தை வைத்து எடைபோடக் கூடாது. எந்த வேலை மரத்தடியில் எதை முளைக்க வைக்கும் என்பதுதான் அளவுகோல்.

பைனஸ் காட்டில் என்ன நடந்தது

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பொண்டெரோசா பைனஸ் காடுகள் பரந்து கிடக்கின்றன. முதிர்ந்த மரத்தின் பட்டை மிகத் தடிப்பு. பழைய காலத்தில் அந்தக் காடுகள் பலவற்றில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழும் சிறு தீ ஓடும். மின்னல் சிலவற்றை மூட்டியது, பூர்வகுடிகள் சிலவற்றை மூட்டினார்கள். மரத்தின் வெட்டுமுகத்தில் தீப்பட்ட தழும்புகளை ஆண்டு வளையங்களோடு சேர்த்து எண்ணியே இந்தக் கணக்கைப் பிடித்தார்கள். பெரிய மரம் தப்பும், நெருங்கி முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி போகும், புல்லும் பூச்செடியும் வேரில் இருந்து மறுபடி தளிர்க்கும்.

1910 ஓகஸ்டில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களை ஒட்டி ஏறத்தாழ 12 இலட்சம் ஹெக்டேயர் காடு எரிந்தது. பெரும்பகுதி இரண்டே நாளில். அதன்பிறகு தீ என்றாலே எதிரி என்ற நிலை வந்தது. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935 இல் அந்நாட்டு வனசேவை விதியே போட்டது. மேய்ச்சலும் மரவெட்டும் ஏற்கனவே காட்டை மாற்றியிருந்தன. தீயும் நின்றபோது இளம் மரங்கள் நெருங்கி அடைத்தன, ஊசியிலைச் செத்தை குவிந்தது, அடியில் இருந்த புல்லும் பூச்செடிகளும் அருகின. நம் சவுக்குத் தோப்பின் உட்புறம் போல ஆகிவிட்டது என்றே சொல்லலாம்.

இதைத் திருத்த எது நல்லது என்று அறிய, 2000 ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. தீயையும் தீக்கு மாற்றான வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வு. நாட்டின் கிழக்கிலும் மேற்கிலுமாகப் பத்துக்கு மேற்பட்ட இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் நான்கு விதமான துண்டுகள்: தொடாமல் விட்டது, ஐதாக்கியது, எரித்தது, ஐதாக்கி எரித்தது. மரம், மண், பூச்சி, பறவை எல்லாவற்றையும் பார்த்தார்கள். மரத்தடிச் செடிகளைப் பற்றி வந்த முடிவுகள்தான் நமக்கு வேண்டியவை.

அந்த முடிவுகளை விளங்கிக்கொள்ள, மண்ணுக்குள் கிடக்கும் ஒரு விதையின் பக்கம் இருந்து பார்க்க வேண்டும். அடர்ந்த தோப்பில் அந்த விதைக்கு மேல் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. ஒன்று, மேலே நிழல். மற்றது, தரையில் செத்தை. கோடாரி முதல் பூட்டைத் திறக்கிறது. வெளிச்சம் வரும், இலைகளில் தேங்காமல் மழை தரைக்கு வரும், மிச்ச மரங்களின் வேர் குறைவதால் தண்ணீரும் மிஞ்சும். ஆனால் செத்தை அப்படியே கிடக்கும். வெட்டிய கிளை, நுனி எல்லாம் அதன் மேல் சேர்ந்து இரண்டாவது பூட்டு இன்னும் இறுகும். தீ மாறி வேலை செய்கிறது. செத்தையை எடுத்து மண்ணைத் திறக்கும், சாம்பலைக் கொடுக்கும், சீயானோதஸ் போன்ற சில புதர்களின் கெட்டித் தோல் விதைகளைச் சூட்டால் வெடிக்கவும் வைக்கும். ஆனால் மெல்லிய தீ பெரிய மரங்களைக் கொல்லாது, ஆகவே நிழல் அப்படியே இருக்கும்.

இதனால்தான் ஐதாக்கி அதன்பின் எரித்த துண்டுகளில் மாற்றம் பொதுவாக அதிகமாகத் தெரிந்தது. முதல் ஓரிரு ஆண்டு செடிப்போர்வை குறையும். பிறகு ஏறும், வகைகளும் கூடும். ஆனால் அதே துண்டுகளில்தான் அந்நியக் களைகளும் அதிகம் நுழைந்தன. திறந்த மண்ணும் வெளிச்சமும் கிடைத்தால் யார் முதலில் வருகிறாரோ அவருக்கே இடம். வெட்டிய கிளைகளைக் குவியலாகப் போட்டு எரித்தால் இன்னும் மோசம். குவியலின் அடியில் சூடு நீண்ட நேரம் தங்கி, மண்ணில் இருந்த விதையும் கிழங்கும் வெந்துபோகும். வருடக்கணக்கில் வட்டமான வெறுமைகள் அங்கே தெரியும். அதில் முதலில் குடியேறுவது பெரும்பாலும் முள்ளுச் செடிகளும் களைகளும்.

அமெரிக்காவின் தென்கிழக்கில் நீளூசிப் பைனஸ் காடுகள் இன்னொரு பாடம். ஒருகாலத்தில் ஏறத்தாழ 3.6 கோடி ஹெக்டேயரில் இருந்தவை இன்று அதில் சில சதவீதம் மட்டும். நல்ல நிலையில் உள்ள அந்தக் காட்டுத் தரையில் ஒரு சதுர மீற்றருக்குள் 40 வகைக்கு மேற்பட்ட செடிகளைக் காணலாம். அங்கே வளரும் கம்பிப்புல், வளர்பருவத்தில் வரும் தீக்குப் பிறகுதான் நன்றாகப் பூத்து விதைக்கும். குளிர்காலத்தில் எரித்தால் தளிர்க்கும், ஆனால் பூப்பது குறைவு. எரிப்பதா வேண்டாமா என்ற கேள்வியோடு எப்போது எரிப்பது என்ற கேள்வியும் சம அளவில் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அம்பாறைக்குப் போகும்போது தேவைப்படும்.

சவுக்கின் அடியில் ஒரு வெட்டு

பார்வைக்குப் பைனஸ் போல இருந்தாலும் சவுக்கு அந்தக் குடும்பம் அல்ல. பூக்கும் மரம். ஊசி என்று நாம் நினைப்பது மெல்லிய பச்சைக் குச்சி. இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல்லுப் பல்லாக இருப்பவைதான் உண்மையான இலைகள். கூம்பு போல இருப்பது அதன் காய்த்தொகுதி. உறவு வேறு என்பதால் மட்டும் தீ ஆகாது என்று சொல்லிவிட முடியாது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

தோப்பின் நடுவில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, பக்கவாட்டில் பாருங்கள். மேலே காய்ந்த வைக்கோல் நிறத்தில், காலுக்கு வழுக்கும் உலர்ந்த செத்தை. அதன் கீழே கபில நிறத்தில் இருந்து கறுப்புக்குப் போகும், கம்பளம் போல் ஒட்டிய படை. வெள்ளைப் பூஞ்சண நூல்கள் ஓடும். சவுக்கின் மெல்லிய வேர்கள் கீழே இருந்து மேல்நோக்கி வந்து இந்தப் படைக்குள்ளேயே பின்னிக்கொண்டிருக்கும். கையால் பிடித்துத் தூக்கினால் பாய் மாதிரி உரிந்து வரும். அதற்குக் கீழே வெறும் மணல்.

தோப்பின் சாப்பாடு முழுவதும் அந்தக் கறுப்புப் படையில்தான் இருக்கிறது. சவுக்கு தன் வேர்முடிச்சில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிரின் உதவியால் காற்றில் இருந்து நைதரசனை எடுத்துக்கொள்ளும். பல ஆண்டுகளாக உதிர்ந்து மக்கிச் சேர்த்தது இந்தப் படை. இதற்குத் தீ வைத்தால் நைதரசனில் பெரும்பங்கு புகையாகப் போய்விடும். மிச்சம் சாம்பல். களிமண் என்றால் சாம்பலில் உள்ள சத்தை ஓரளவு பிடித்து வைக்கும். கடற்கரை மணல் எதையும் பிடிக்காது. ஐப்பசி கார்த்திகையில் இங்கே மழை எப்படி ஊற்றும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் பெரிய மழையோடு சத்து கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம் வேர். பல காலம் எரியாமல் விட்ட பைனஸ் காட்டுக்குத் திடீரென்று தீ வைத்தபோது, அமெரிக்காவிலேயே கெட்ட அனுபவம் உண்டு. மேலால் ஓடிய தீ போன பிறகும், முதிர்ந்த மரத்தடியில் குவிந்த மக்கிய படை மணிக்கணக்கில் கனன்றது. சுடர் இல்லை, புகை மட்டும். அந்தப் படைக்குள் ஏறி வந்திருந்த மெல்லிய வேர்கள் வெந்து, நூற்றாண்டு வயது மரங்கள் பின்னர் செத்தன. தடித்த பட்டை உள்ள பைனஸுக்கே அந்த நிலை. நம் சவுக்கு தீக்கு ஈடுகொடுக்கும் மரமே அல்ல. அடி வெந்தால் அடிமரத்தில் இருந்து மறுபடி தளிர்ப்பதும் குறைவு. செடிக்காக வைத்த தீயில் தோப்பே போய்விடும்.

மூன்றாவது, அங்கே தீக்குப் பிறகு பச்சை வருவது, தீக்காகவே நூற்றாண்டுகளாகக் காத்துக் கிடந்த வேரும் கிழங்கும் விதையும் மண்ணில் இருப்பதால். இருபது வருடத்துக்கு முன் நட்ட தோப்பின் மணலில் அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. வரக்கூடியவை எருக்கலையும் நாயுண்ணியும் கினிப்புல்லும்தான்.

அப்புறம் காற்று. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் மேற்கில் இருந்து சுடச்சுட வீசும். மத்தியானம் தாண்டினால் கடற்காற்று எதிர்ப்பக்கம் திரும்பும். தோப்புக்கு ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் வாடியும் தோணியும் வலையும். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவரின் பிழைப்பு எரியும். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், கரையில் தீ என்ற தெரிவை மேசையில் இருந்தே எடுத்துவிடலாம்.

அப்படியானால் வெட்டுவதா?

ஐதாக்கலுக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் கரீபியன் பைனஸ் நட்டிருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சாவித்திரி குணத்திலக்க, நிமல் குணத்திலக்க இருவரும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தப் பைனஸின் அடியில் மழைக்காட்டு மரக் கன்றுகளை நட்டார்கள். சில இடத்தில் பைனஸைத் தொடவில்லை, சில இடத்தில் வரிசைகளை வெட்டித் திறந்தார்கள். மூன்று வரிசை வெட்டித் திறந்த இடங்களில் கன்றுகள் நன்றாக எழுந்தன. தீ வைக்கவில்லை, தோப்பை மொத்தமாக அழிக்கவும் இல்லை. பைனஸ் ஒரு நிழற்குடையாக நின்றுகொண்டே நாட்டு மரங்களுக்கு இடம் விட்டது. அது ஈரவலயம், மண்ணும் வேறு என்பது சரிதான். ஆனால் நட்ட அந்நிய மரத்தை அளவாகத் திறந்து, கீழே நாட்டுச் செடியை ஏற்றும் முறை நமக்கும் பொருந்தும்.

காற்றைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு, அது நியாயமான பயம். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் யாரும் மறக்கவில்லை. தோப்பை ஐதாக்கினால் காற்று உள்ளே புகுந்துவிடாதா? காற்றுத் தடுப்பு வேலியைப் பற்றிய ஆய்வுகள் இதில் ஓர் ஆறுதல் தருகின்றன. இடைவெளியே இல்லாத வேலி காற்றை மேலே தூக்கி, சற்றுத் தள்ளி மறுபடி கீழே சுழற்றி அடிக்கும். பாதிக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி உள்ள வேலி காற்றை அரித்து, அதிக தூரத்துக்கு வேகத்தைக் குறைக்கும். அளவான ஐதாக்கல் தடுப்பைக் கெடுக்காது என்பதற்கு இது போதும்.

ஆனால் எப்படி, எப்போது வெட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை. நெருக்கத்தில் வளர்ந்த மரம் ஒல்லியாக, பக்கத்து மரத்தில் சாய்ந்தபடி நிற்கும். பக்கத்து மரம் போன முதல் வருடத்தில் அது விழ வாய்ப்பு அதிகம். ஆகவே மாரிக்கு முன் வெட்டக் கூடாது. மாரி ஓய்ந்து மாசி, பங்குனியில் வெட்டினால், அடுத்த நவம்பருக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளப் பல மாதங்கள் கிடைக்கும். கடலைப் பார்த்த முன் வரிசைகளைத் தொட வேண்டாம். வெட்டும் இடங்கள் கடலில் இருந்து ஊர்வரை நேர்கோட்டுப் பாதையாக அமைந்துவிடக் கூடாது. சுனாமியின்போது மரங்களுக்கு இடையே திறந்து கிடந்த பாதைகளில் தண்ணீர் இன்னும் வேகமாகப் பாய்ந்தது. ஒன்றுக்கொன்று விலகி, மாறிமாறி வரும் சிறு திறப்புகளே போதும். முழுத் தோப்பையும் ஒரே வருடத்தில் செய்யத் தேவையில்லை.

வெட்டிய கிளையை என்ன செய்வது என்பது அமெரிக்காவில் பெரும் தலையிடி. எடுத்துச் செல்லச் செலவு, விட்டால் தீக்கு எரிபொருள். இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. சவுக்கு விறகு பச்சையாக இருந்தாலும் எரியும், நின்று எரியும். வெட்டிய அன்றே கேட்டு வருவார்கள். ஆகவே ஐதாக்கலின் செலவில் ஒரு பகுதியை விறகே கொடுத்துவிடும். கவனிக்க வேண்டியது, விறகுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய மரத்தை முதலில் வெட்டும் ஆசையை. ஒல்லியும் கோணலும் நோய்ப்பட்டதும்தான் போக வேண்டும். எந்த மரம் என்று வர்ணம் பூசி அடையாளமிட்ட பிறகே கோடாரி உள்ளே போக வேண்டும்.

இரண்டாவது பூட்டான செத்தைக்கு வாருகோல் போதும். பெண்கள் அடுப்புக்குச் செத்தை வாருவது கரையில் பழைய வழக்கம். அதையே ஒழுங்காகச் செய்யலாம். திறப்புகளில் ஒரு பட்டை வாரி, அடுத்த பட்டையை விட்டு, அதற்கு அடுத்ததை வாரலாம். முழுவதையும் வழித்தெடுத்தால் மணல் கொதிக்கும், காற்றில் பறக்கும், நட்ட கன்றும் கருகும். மேலே கிடக்கும் உலர்ந்த செத்தை மட்டும் போனால் போதும், கறுப்புப் படையைக் கிளற வேண்டாம். வாரிய பட்டையில் ஐப்பசி முதல் மழையோடு தாழை, புன்னை, பூவரசு வைக்கலாம். கடல் பக்கத்து விளிம்பில் அடம்பன் கொடித் துண்டுகளைப் புதைத்தால் தானாக ஓடும். ஆடும் மாடும் வராமல் முள் அடைக்காவிட்டால் இவ்வளவும் வீண்.

சும்மா விடும் தெரிவையும் ஒதுக்கிவிடக் கூடாது. தோப்பு மிக ஒடுங்கிய இடத்திலும், கடல் அரிக்கும் இடத்திலும் விடுவதே நல்லது. மற்ற இடத்தில் சும்மா விடுவதற்கும் ஒரு விலை உண்டு. சவுக்கு நூற்றாண்டு வாழும் மரம் அல்ல, நாற்பது ஐம்பது வருடத்தில் தளர்ந்துவிடும். ஒரே நேரத்தில் நட்டவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாகும். கீழே அடுத்த தலைமுறை எதுவும் இல்லாவிட்டால் அப்போது மறுபடி வெறும் மணலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

உள்நாட்டுத் தேக்கந்தோட்டங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், ஐதாக்கல் அங்கே வழமையான வேலை, தீ கூடாது. தேக்கின் அகன்ற இலையில் சேர்ந்து விழும் மழைத்துளி பெருந்துளி. சருகு எரிந்து மொட்டையான மண்ணில் அது விழுந்தால் மேல்மண் அரித்துப் போகும்.

அம்பாறைப் புல்காட்டில் கணக்கு மாறுகிறது

கல்லோயாத் தேசியப் பூங்கா 1954 இல் சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதியைக் காக்க உருவானது. அதிலும் அதை ஒட்டிய மலையடிவாரத்திலும் இருப்பது அடர்காடு மட்டுமல்ல. உயர்ந்த புல்லும், அங்கொன்றும் இங்கொன்றுமாக மரமும் நிற்கும் புல்காடும் உண்டு. மரங்களைப் பாருங்கள்: கடுக்காய், தான்றி, நெல்லி. திரிபலா மூன்றும் ஓரிடத்தில். புல்லில் மானாவும் இலுக்கும்.

இந்த இடத்தைத்தான் பைனஸ் காட்டோடு ஒப்பிட வேண்டும். தழை வடிவில் ஒற்றுமை இல்லை, ஆனால் தீயோடு பழகிய விதத்தில் ஒற்றுமை இருக்கிறது. எரிந்த மானாப்புல் குத்து ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விளங்கும். மேலே கரிந்த முள்ளுப் போன்ற அடிகள், கையில் கரி ஒட்டும். நடுவில் விரலை விட்டுப் பார்த்தால் அடித்தண்டுகள் நெருங்கி ஒன்றையொன்று மூடியபடி, உள்ளே ஈரமாக இருக்கும். சில நாளில் அந்தக் கரிக்கு நடுவில் இருந்து இளம்பச்சைத் தளிர் கிளம்பும். மான், மரை அதைத் தேடி வரும்.

இங்கே ஐதாக்கல் பொருளற்ற தெரிவு. மரமே ஐதாகத்தான் நிற்கிறது. வெட்டினால் போவது கடுக்காயும் நெல்லியும்தான். தீயை முழுதாகத் தடுப்பது என்ற தெரிவும் நீடிக்காது. புல் வருடா வருடம் காய்ந்து சாய்ந்து சேரும். ஆடி, ஆவணிக் கச்சானில் யாரோ ஒருவரின் பீடித் துண்டோ சேனைத் தீயோ பட்டால், அமெரிக்கா 1910 க்குப் பிறகு கற்றுக்கொண்ட அதே பாடம்தான். அந்தத் தீ தாழ்ந்து ஓடாது, மரத்தின் தலைவரை ஏறும்.

ஆனால் இன்று நடப்பது பெரும்பாலும் எதிர்ப்பக்கப் பிழை. மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் அடிக்கடி, அதுவும் கடும் வரட்சியில் எரிப்பது. வருடாந்தம் தீ வந்தால் பழைய மரம் தாங்கும், கன்று தாங்காது. நெல்லிக் கன்று தீயின் உயரத்தைத் தாண்டுவதற்குத் தீ இல்லாத சில வருடங்கள் தொடர்ச்சியாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் கன்று எரிவதும் அடியில் இருந்து தளிர்ப்பதும் மறுபடி எரிவதுமாகவே இருக்கும். பார்வைக்குக் காடு நன்றாக இருக்கும், மரமாக நிற்பவை எல்லாம் கிழங்களாக இருக்கும்.

ஆகவே புல்காட்டுக்கு நான் முன்வைப்பது, துண்டு துண்டாக, சுழற்சியில், வரட்சியின் தொடக்கத்தில் எரிப்பது. மாரி ஓய்ந்து மேற்புல் காய்ந்தும் மண்ணில் ஈரம் இருக்கும் காலத்தில் வைத்த தீ தாழ்ந்து ஓடும், ஈரமான இடம் வந்ததும் தானாக நிற்கும். வட அவுஸ்திரேலியாவின் புல்காடுகளில் பூர்வகுடிகள் செய்ததும் இதுதான். வரட்சி முற்றிய பிறகு வரும் பெருந்தீயை, முன்கூட்டி வைத்த சிறு தீத்துண்டுகள் வழிமறித்துவிடும். எங்கள் மாட்டுப் பட்டிக்காரப் பெரியவர்களிடம் கேட்டாலும், "மண்ணீரம் இருக்கக்குள்ள கொளுத்தினா மேற்புல்லோட போகும் மனே, ஆடியில கொளுத்தினா வேரையும் தின்னும்" என்பார்கள். திட்டம் போடும் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு கதிரை வேண்டும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. கினிப்புல் புகுந்த இடத்தில் இந்த முறை அப்படியே ஓடாது. கினிப்புல் மானாவை விட அதிக சுமை எரிபொருள் தரும், சூடாக எரியும், எரிந்ததும் மற்றதை முந்திக்கொண்டு எழும். அமெரிக்க மேற்கில் சீட்கிராஸ் என்ற அந்நியப் புல் இதே மாதிரித் தீக்கு மேல் தீயை வரவழைத்து நாட்டுச் செடிகளை விழுங்கியது. கினிப்புல் உள்ள துண்டுகளில் முதலில் விதைக்குமுன் வெட்டியோ மேய்த்தோ அதைக் குறைக்க வேண்டும், தீ பிறகுதான். வயலை ஒட்டிய துண்டுகளையும் எரிக்கக் கூடாது. புதுப்புல்லுக்கு யானையும் வரும், வந்த யானை வேளாண்மையையும் பார்க்கும்.

யார் செய்வது, எப்படிப் பார்ப்பது

இதில் எதையும் ஊராகக் கூடித் தன்னிச்சையாகச் செய்ய முடியாது. 1907 வனக் கட்டளைச் சட்டத்தின்படி ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது குற்றம். பூங்காவுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கை மட்டுமே உள்ளே போகலாம். கரையில் 1981 கரையோரம் பேணல் சட்டமும் உண்டு, மரம் வெட்டவும் அனுமதி வேண்டும். ஆகவே கரைக்கான திட்டத்தைப் பிரதேச செயலகத்தின் ஊடாகத் திணைக்களங்களிடம் எழுத்தில் கொடுப்பதே முதல் வேலை. அதற்கே ஒரு பருவம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசியில் வெட்ட வேண்டுமென்றால் முந்திய ஆனியிலேயே எழுத வேண்டும்.

அமெரிக்க ஆய்வில் இருந்து நாம் அப்படியே எடுக்கக்கூடிய ஒன்று, தொடாமல் விட்ட துண்டு. அது இல்லாவிட்டால் நல்ல மழையால் வந்த பச்சையை நம் வேலையால் வந்தது என்று நினைத்துவிடுவோம். தோப்பில் ஒரு பகுதியை விட்டு, மற்றதில் வேலை செய்து, இரண்டிலும் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரங்கள் சிலவற்றை நான்கு குச்சி நட்டு அடையாளமிட வேண்டும். மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, சதுரத்துக்குள் என்ன செடி, எத்தனை என்று எழுதிப் படமும் எடுத்தால் போதும். உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல செயல்முறை வேலை. முதல் வருடத்தில் எண்ணிக்கை குறைந்தாலும் கைவிடக் கூடாது, மூன்று மாரியாவது பார்க்க வேண்டும். நாயுண்ணியும் கினிப்புல்லும் தலைகாட்டினால் பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு யார் பொறுப்பு, எந்த மாதம் என்பதை முதல் மரத்தில் வர்ணம் பூசுமுன்பே கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.